மெட்டில் நிறுத்திய வண்டி

சபரிமலை சீசனில் கூட்டம் ஏறிவிட்டால் தேனி மாவட்டக் காவல்துறை கம்பத்தில் ஒருவழிப் பாதையை அறிவித்துவிடும். மலைக்குப் போகிற வண்டிகள் கம்பம்மெட்டு ஏறி, கட்டப்பனை, குட்டிக்கானம் வழியாகப் போக வேண்டும். சாமி பார்த்துத் திரும்புகிறவர்கள் குமுளி வழியாக இறங்க வேண்டும். மற்ற மாதங்களில் ஏலத்தோட்டத்து ஜீப்புகளும் காய்கறி வண்டிகளும் புழங்கும் கொண்டை ஊசி வளைவுகளில், கார்த்திகை பிறந்ததும் வெளியூர்க் கார்களும் வேன்களும் முகப்பில் சாமந்தி மாலையோடு மூச்சு வாங்க ஏறத் தொடங்கும்.

ஏறி முடித்தவர்களுக்கு ஒரு டீ வேண்டும். அதற்கு வண்டியைச் சரிவில் எங்கேயாவது ஓரங்கட்ட வேண்டும். மாதத் தவணையில் வாங்கிய கார் என்றால், டீ குடிக்கும் நேரம் முழுக்க அதன் சொந்தக்காரரின் கண் கிளாஸின் மேல் இருக்காது. முன்னால் நிற்கும் வேன் ரிவர்ஸ் எடுக்குமோ, பக்கத்து ஜீப்பின் கதவு வந்து இடிக்குமோ, குறுகலில் நுழையும் லாரி கண்ணாடியை உரசிக்கொண்டு போய்விடுமோ என்று பார்த்துக்கொண்டே இருப்பார்.

இந்தக் கவலைக்குக் காரைவிட வயது அதிகம். மாட்டு வண்டிக் காலத்திலிருந்து இன்றுவரை, நிறுத்திய வண்டியைக் காப்பாற்ற இந்த மலைப்பாதையிலும் வெளியுலகிலும் பல ஏற்பாடுகள் நடந்திருக்கின்றன. அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் புலப்படும். தன் வண்டிக்கு ஒருவர் போட்ட காவல், பலமுறை அடுத்தவர் தலையில் தொல்லையாக விடிந்திருக்கிறது.

பேட்டையும் சுங்கமும்

கம்பம்மெட்டு, இடுக்கி மாவட்டத்தின் உடும்பன்சோலை வட்டத்தில் தமிழ்நாட்டை ஒட்டி இருக்கும் எல்லை ஊர். கீழே முல்லைப்பெரியாறு தண்ணீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கு, மேலே ஏலமலை. இரண்டுக்கும் நடுவே பதினைந்து கிலோமீட்டருக்கும் குறைவான மலைச்சாலை. போடிமெட்டு, ராமக்கல்மெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று மலைவிளிம்பில் இருக்கும் கணவாய்கள் வழியாகத்தான் அரிசியும் உப்பும் மிளகாயும் மேலே போயின. ஏலக்காயும் மிளகும் கீழே வந்தன. சாலை வருவதற்கு முன் சுமந்தவை பொதிமாடுகள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஏலக்காய் திருவிதாங்கூர் அரசின் ஏகபோகமாக இருந்தது. 1896இல்தான் அந்த ஏகபோகம் முடிவுக்கு வந்தது. மேலே ஒரு மன்னராட்சி, கீழே பிரிட்டிஷாரின் சென்னை மாகாணம். எனவே கணவாய் என்றால் கடந்து போகும் இடம் மட்டுமல்ல, நின்று மூட்டையைக் காட்டிவிட்டுப் போகும் இடமும்கூட. பின்னாளில் மன்னராட்சி போய், 1956 நவம்பர் 1இல் கேரளம் உருவானபோதும் எல்லை அதே விளிம்பில் நின்றது. கலால், வணிக வரி, வனம், போக்குவரத்து என்று சோதனைகள் மட்டும் கூடின. வண்டிகள் காத்து நின்றன. அவற்றை நம்பி டீக்கடைகள் வந்தன. பல எல்லை ஊர்களில் வாகன நிறுத்தம் என்பது யாரும் திட்டமிட்டுக் கட்டியது அல்ல. வரி வசூலித்த இடத்தில் தானாக உண்டானது.

சமவெளியில் அப்படி இல்லை. அங்கே வண்டிப்பேட்டை இருந்தது. 1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம், பொது வண்டிப்பேட்டை அமைக்கவும் அதற்குக் கட்டணம் வாங்கவும் நகராட்சிகளுக்கு அதிகாரம் கொடுத்தது. இன்றைய கார் பார்க்கிங் டோக்கனின் மூதாதை அதுதான். பேட்டைக்குள் வந்த வண்டிக்கு இடம் உண்டு, மாட்டுக்குத் தண்ணீர் உண்டு, இரவில் வண்டிக்கடியில் படுத்துக்கொள்ள வண்டிக்காரருக்கும் வசதி உண்டு. வண்டிக்கு அவரைவிட நல்ல காவல் கிடையாது.

தெருவுக்குள் கதை வேறு. மாட்டு வண்டியின் அச்சுமுனை சக்கரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். குறுகலான திருப்பத்தில் அது சுவரைப் பெயர்த்துவிடும். தெருமுனை வீட்டுக்காரர்கள் சுவரோரம் ஒரு கருங்கல்லைச் சாய்வாக ஊன்றி வைத்தார்கள். தமிழ்நாட்டின் பழைய அக்கிரகாரங்களிலும் கடைத்தெருக்களிலும் அந்தக் கற்கள் இன்றும் உண்டு. சுவர் தப்பித்தது, இடித்தால் உடைவது இனி வண்டிக்காரரின் சக்கரம்.

ஜீப் ஏறிய மலை

மோட்டார் காலத்தின் தொடக்கத்தில் நிறுத்திய காரைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. 1901இல் சென்னையில் முதல் காரை ஓட்டியவர் என்று பாரி நிறுவனத்தின் ஏ. ஜே. யார்க்கைச் சொல்வார்கள். அவர் காருக்குப் பக்கத்தில் நின்று இடிக்க வேறு கார் ஏது? பின்னாளில் கார் வாங்கிய ஜமீன்தார்களும் வக்கீல்களும் டிரைவர் வைத்துக்கொண்டார்கள். முதலாளி உள்ளே போனால் டிரைவர் காரைவிட்டு நகர மாட்டார். துடைத்துக்கொண்டு நிற்பதும் காவல் நிற்பதும் ஒரே வேலையாக இருந்தது.

கம்பம்மெட்டுக்கு மேலே உள்ள ஏலமலையில் காருக்கு இடமில்லை. அங்கே ராஜா ஜீப்தான். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவின் வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைத் தயாரித்தன. போர் முடிந்ததும் மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை இறக்குமதி செய்து 1940களின் கடைசியில் பம்பாயில் பூட்டத் தொடங்கியது. அதே காலத்தில் உடும்பன்சோலைப் பக்கம் குடியேற்றம் நடந்துகொண்டிருந்தது. 1954–55இல் திருவிதாங்கூர்-கொச்சியின் முதலமைச்சராக இருந்த பட்டம் தாணு பிள்ளையின் ஆட்சியில், நெடுங்கண்டம் அருகே கல்லார் பகுதியில் விவசாயிகளை அரசே குடியமர்த்தியது. அந்த இடத்துக்குப் பட்டம் காலனி என்றே பெயர் வந்தது. காட்டை வெட்டிய பாதை, மழையில் சேறு, ஏற்றத்தில் கல். அங்கே நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்குத்தான் வேலை.

அதற்குப் பிறகு எம்எம் 540, கமாண்டர், மேஜர் என்று மஹிந்திராவின் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக மலையேறின. விடியுமுன் கம்பம், கூடலூர், உத்தமபாளையம் பகுதிகளிலிருந்து தோட்ட வேலைக்குப் போகும் பெண்களையும் ஆண்களையும் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் புறப்படும். பிற்பகலுக்குப் பிறகு திரும்பும். அளவுக்கு மேல் ஆள் ஏற்றுவதும், வளைவில் முந்துவதும், அதனால் விபத்து நேர்வதும் இந்தத் தொழிலின் தீராத புகார்கள்.

ஜீப்பின் உடம்பே ஒரு தற்காப்பு. முன் பம்பர் என்பது சேசிஸில் போல்ட் போட்டு முடுக்கிய நேரான இரும்புச் சட்டம். மட்கார்டு மடிப்பு வளைவு அதிகம் இல்லாத தகடு. மேலே படுதா. எங்கே நசுங்கினாலும் சுத்தியலால் தட்டி நிமிர்த்திவிடலாம். கார் வைத்திருப்பவர் கோடு விழுந்ததற்கு அழுவார். ஜீப் வைத்திருப்பவர் ரேடியேட்டர் ஒழுகினால்தான் இறங்கிப் பார்ப்பார். ஆனால் அந்த இரும்புச் சட்டம் பக்கத்தில் நிற்கும் காரின் கதவில் பட்டால் ஜீப்புக்கு ஒன்றும் ஆகாது, கதவு பிளந்துவிடும்.

சரிவில் நிறுத்துவதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பழைய வில்லிஸ் வகை ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் சக்கரங்களைப் பிடிக்காது. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டைத்தான் பிடிக்கும். இரண்டு சக்கரமும் தரையில் அழுந்தி நிற்கும்வரை பிடி இருக்கும். பஞ்சர் பார்க்க ஒரு பின்சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினால் டிஃபரன்ஷியல் வழியாக மறு சக்கரம் உருளத் தொடங்கிவிடலாம். அதனால் மலையில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்கள் பிரேக்கை மட்டும் நம்பச் சொல்வதில்லை. ஏற்றம் பார்த்து நின்றால் முதல் கியர், இறக்கம் பார்த்து நின்றால் ரிவர்ஸ் கியர், ஸ்டியரிங்கை மலைப்பக்கம் ஒடித்து வைக்க வேண்டும், பிறகு டயருக்குக் கல் வைக்க வேண்டும்.

அந்தக் கல்தான் மலைச்சாலைகளின் பெரிய வம்பு. பழுதாகி நின்ற லாரிக்கு நாலு கல் வைப்பார்கள். சரியானதும் கிளம்பிப் போய்விடுவார்கள். கல் நடுரோட்டில் கிடக்கும். பனி இறங்கிய விடியலில் வளைவு திரும்பி வரும் பைக்குக்கு அந்தக் கல் தெரியாது. மலைச்சாலை எதிலும் ஓட்டுநர்கள் சொல்லும் பழைய குறை இது.

ஸ்டாண்டின் சட்டம்

மலையோரக் கடைத்தெருக்களில் ஜீப் ஸ்டாண்டு என்பது ஒரு சின்ன அரசாங்கம். யார் முதலில் வந்தாரோ அவருக்கு முதல் ட்ரிப். கேரளத்தில் அநேகமாக எல்லா ஸ்டாண்டுகளிலும் தொழிற்சங்கங்களின் பலகைகளைப் பார்க்கலாம். முறை வைத்து வண்டி எடுப்பதால், எந்த வண்டி எப்போது நகரும், அதன் பின்னால் யார் நிற்கலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். இடித்தவன் ஓடிப்போக முடியாது. நாளை விடிந்தால் அதே வரிசையில் வந்து நிற்க வேண்டும். பெயர் தெரியாதவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தும் நகரத்து மால் பார்க்கிங்குக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். உரசல் இரண்டு இடத்திலும் நடக்கும். மாலில் கண்ணாடித் துடைப்பானில் ஒரு சீட்டுகூட இருக்காது. ஸ்டாண்டில் அன்றைக்கே பட்டறைச் செலவு பேசி முடிந்துவிடும்.

பெரிய வண்டிகளுக்குக் கிளீனர்தான் கண். கேரளத்துத் தனியார் பஸ்களில் அவரைக் ‘கிளி’ என்பார்கள். இடம் நெருக்கடியாக இருந்தால் இறங்கிப் பின்னால் போய் நிற்பார். “வா... வா... ஒடிச்சு வா... லெஃப்ட் அடி... போதும்!” என்று குரல் கொடுத்துக்கொண்டே வண்டியின் உடலில் தட்டுவார். தட்டு நின்றால் வண்டி நிற்க வேண்டும். ஓட்டுநர் கண்ணாடியைப் பார்ப்பதைவிட அந்தத் தட்டுக்கு அதிகம் காது கொடுப்பார்.

கம்பம்மெட்டில் நிறுத்திய வண்டிக்குள் இருப்பதும் சாதாரணச் சரக்கு அல்ல. ஏலக்காய் இங்கிருந்து புற்றடியில் ஸ்பைசஸ் போர்டு நடத்தும் மின்னணு ஏலத்துக்கோ போடிநாயக்கனூர் ஏலத்துக்கோ போகும். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் உயர்ந்தபட்ச விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. 50 கிலோ மூட்டை ஒன்று என்று வைத்துக்கொண்டால் மூன்றரை லட்சம். பழைய ஜீப் ஒன்று தன்னைவிட விலை கூடிய மூட்டையைச் சுமந்துகொண்டு நின்ற நாட்கள் அவை. டீக்கடையிலிருந்து வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்த கண்களுக்கு அப்போது வேறு காரணம் இருந்தது.

2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்ததும் நாடெங்கும் வணிக வரிச் சோதனைச் சாவடிகள் போயின. லாரிகள் வரிசை கட்டி நின்ற எல்லைச் சாலைகளில் நிறுத்த நெருக்கடி குறைந்தது. 2020 மார்ச் ஊரடங்கில் நெருக்கடி அடியோடு போயிற்று. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டுச் சாவடிகளில் போக்குவரத்து நின்றது. தோட்ட வேலைக்கான ஜீப்புகள் வீட்டு வாசல்களில் கிடந்தன. ஒருவரும் இடிக்காமலே வண்டி கெடும் என்பது அப்போது தெரிந்தது. மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டிகளில் பேட்டரி இறங்கிப்போயிற்று, டயர் ஒருபக்கம் சப்பையானது, வயரை எலி கடித்தது.

பம்பரின் கதை

காருக்கு முன்னும் பின்னும் ஒரு தடுப்பு வேண்டும் என்ற யோசனை காரோடு சேர்ந்தே பிறந்தது. இன்றைய செக் நாட்டில் 1897இல் உருவான நெசல்ஸ்டார்ஃப் ‘பிரெசிடென்ட்’ காரிலேயே ஒரு பம்பர் இருந்தது. 1905இல் பிரிட்டனில் ஃபிரெடெரிக் சிம்ஸ் காற்றடைத்த ரப்பர் பம்பர் வைத்த சிம்ஸ்-வெல்பெக் காரைக் கொண்டுவந்தார். இடி வாங்குவதற்கென்றே பிறந்த பம்பர் விரைவிலேயே அலங்காரமாகிவிட்டது. குரோமியம் பூசி, பளபளக்க வைத்து, கடைசியில் பம்பரில் கோடு விழுந்ததற்கே வருத்தப்படும் நிலை வந்தது.

இந்தியாவில் அந்த வருத்தத்துக்கு நியாயம் இருந்தது. உத்தரபாராவில் தயாரான அம்பாசடரும், பம்பாயில் தயாரான ஃபியட்டும்தான் சந்தையின் பெரும்பகுதி. லைசென்ஸ் ராஜ்யத்தில் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தால்தான் கார் கைக்கு வரும். அப்படி வந்த காரை இன்னொருவர் உரசிவிட்டால், போனது பெயிண்ட் மட்டுமல்ல, பல வருடக் காத்திருப்பு. அதனால் பம்பருக்கு மேல் செங்குத்தான கொம்புகள், அதற்கு மேல் ஒரு குழாய் கார்டு என்று காருக்குக் கவசம் ஏறிக்கொண்டே போனது.

பழுது பார்ப்பதும் அப்போது கைத்தொழில்தான். டிங்கர் பட்டறையில் நசுங்கிய தகட்டின் உட்புறம் ஒரு இரும்பைத் தாங்கி வைத்து வெளியிலிருந்து தட்டி நிமிர்த்துவார்கள். மேடுபள்ளத்துக்குப் பட்டி பார்த்து, காய்ந்ததும் நீர்த்தாள் போட்டுத் தேய்த்து, பிறகு பெயிண்ட் அடிப்பார்கள். கம்பம், தேனி, போடிப் பட்டறைகளில் இந்தக் கைகளுக்கு இன்றும் மதிப்பு உண்டு. கதவை மாற்றாமல் கதவை நிமிர்த்தத் தெரிந்தவர்கள் குறைந்துவருவதும் உண்மை.

அமெரிக்காவில் இடி வாங்கும் பொறுப்பைச் சட்டமே பம்பரிடம் திருப்பிக் கொடுத்தது. 1972 செப்டம்பர் முதல் தயாரான கார்கள், முன்பக்கம் மணிக்கு 5 மைல், பின்பக்கம் இரண்டரை மைல் வேகத்தில் மோதினாலும் விளக்கு போன்ற பாதுகாப்புப் பாகங்கள் கெடக்கூடாது என்று விதி வந்தது. இது அப்பட்டமாகப் பார்க்கிங் இடிகளைக் குறிவைத்த விதி. கார்களின் மூக்கு நீண்டது, எடை கூடியது, விலையும் கூடியது. 1982இல் அரசு அந்த அளவை இரண்டரை மைலாகத் தளர்த்தியது. இதற்கிடையே ஐரோப்பாவில் 1972இல் வந்த ரெனோ 5 காரில் பம்பர் பிளாஸ்டிக்காகிவிட்டிருந்தது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது அந்தக் காற்று இந்தியாவிலும் வீசத் தொடங்கியது. பின்னர் வந்த கார்களில் பம்பரும் உடலின் நிறத்திலேயே வந்தது. மெல்லிய தகடு, உடல் நிறப் பம்பர், அதன்மேல் கண்ணாடிபோல் ஒரு கிளியர்கோட். அழகு கூடியது, சின்ன உரசலும் பெரிய பில்லாக மாறியது. பெயிண்ட் அந்த இடத்தில் மட்டும் அடித்தால் நிறம் ஒட்டாது என்று முழு பேனலையும் அடிக்க வேண்டிவந்தது.

கவலை கூடியபோது கவசமும் கூடியது. பொலேரோக்களும் ஸ்கார்பியோக்களும் முன்னால் தடித்த இரும்புக் குழாயோடு நடமாடின. அந்த பம்பர் கார்டு தன் வண்டியின் முகத்தைக் காப்பாற்றும். ஆனால் சேசிஸில் நேரடியாகப் பூட்டப்பட்டிருப்பதால், நசுங்கி அதிர்ச்சியை உள்வாங்க வேண்டிய பகுதி தன் வேலையைச் செய்யாது. ஏர்பேக் உணரிகள் ஏமாறலாம். குறுக்கே வரும் ஆளின் இடுப்பிலோ சைக்கிளிலோ அந்த இரும்பு அப்படியே இறங்கும். 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை மீறும் இந்தக் கார்டுகள்மீது நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், தயாரிப்பாளரின் வடிவமைப்பை மாற்றி வண்டியைத் திருத்த முடியாது என்று உச்ச நீதிமன்றமும் சொன்னது. தடுப்பைக் கழற்றும் வேலை பட்டறைகளுக்கு வந்தது. சில வாரங்களில் திரும்பப் பூட்டும் வேலையும் வந்தது.

உரிமையாளரின் பொறுப்பு

இரும்பு காப்பாற்றாததைக் காகிதம் காப்பாற்றும் என்ற நம்பிக்கையும் பழையது. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் மூன்றாம் நபர் காப்பீட்டு விதிகள் 1946 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தன. 1988ஆம் ஆண்டுச் சட்டம் மூன்றாம் நபரின் பொருள் சேதத்துக்கு வைத்த கட்டாய வரம்பு வெறும் 6,000 ரூபாய். பாலிசிகளில் அது பின்னர் காருக்கு ஏழரை லட்சம்வரை என்று விரிந்தது. அதைப் பெற வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். கதவில் ஒரு பள்ளத்துக்காகத் தீர்ப்பாயம் ஏறுபவர் யார்?

சொந்தப் பாலிசியில் கேட்கலாம். அங்கே இன்னொரு கணக்கு குறுக்கிடும். கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்குப் பிரீமியத்தில் 20 சதவிகிதத்தில் தொடங்கி 50 சதவிகிதம்வரை தள்ளுபடி ஏறும். ஒரு முறை கோரினால் அது அறுந்துவிடும். சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் 10,000 ரூபாய் என்றால், பாதித் தள்ளுபடியில் இருப்பவர் 3,000 ரூபாய் வேலைக்காக 5,000 ரூபாய்ச் சலுகையை விட வேண்டும். கூடவே ஒவ்வொரு கோரிக்கையிலும் 1,000 அல்லது 2,000 ரூபாயை உரிமையாளரே ஏற்க வேண்டும். பார்க்கிங் உரசல்களில் பெரும்பாலானவை காப்பீட்டு அலுவலகத்துக்குப் போகாமல் நின்ற இடத்திலேயே பேசி முடிவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

பார்க்கிங் நடத்துபவரிடம் கேட்டால் டோக்கனின் பின்பக்கத்தைக் காட்டுவார்: சேதத்துக்கு வண்டி உரிமையாளரே பொறுப்பு. அந்த வரிக்கு எவ்வளவு பலம் என்பதை 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் எடை போட்டது. 1998 ஆகஸ்டில் டெல்லியில் தாஜ் மஹால் ஹோட்டலுக்கு வந்த ஒருவர் தன் மாருதி ஜென் காரைச் சாவியோடு ஊழியரிடம் ஒப்படைத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது கார் இல்லை. காப்பீட்டு நிறுவனம் ஹோட்டல்மீது தொடுத்த வழக்கு இருபது ஆண்டுகள் கடந்து முடிந்தது. சாவியை வாங்கிக்கொண்டு வண்டியைப் பொறுப்பேற்ற ஹோட்டல், தன் பக்கம் கவனக்குறைவு இருக்கும்போது டோக்கன் வாசகத்தின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. சாவியை வாங்காமல், இடத்தை மட்டும் வாடகைக்குக் கொடுக்கும் பார்க்கிங்குக்கு இந்தத் தீர்ப்பு அப்படியே பொருந்தாது.

கம்பம்மெட்டு வழியாகப் போகும் பக்தர்களுக்கு இந்தக் கேள்வி நிலக்கல்லில் வரும். 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தில் பம்பைக் கரையின் வாகன நிறுத்தங்களும் கட்டடங்களும் அடித்துப்போயின. அந்த சீசனிலிருந்து தனியார் வண்டிகளை நிலக்கல்லில் நிறுத்திவிட்டு, இருபது கிலோமீட்டருக்கு மேல் கேரள அரசுப் பேருந்தில் பம்பைக்குப் போகும் ஏற்பாடு வந்தது. பம்பைக் கரையில் கண்ணெட்டும் தூரத்தில் நின்ற வண்டி, இப்போது ஒரு காட்டைத் தாண்டி ஆயிரக்கணக்கான வண்டிகளின் நடுவே நிற்கிறது. சிறு வண்டிகளுக்குப் பின்னாளில் பம்பையில் ஓரளவு அனுமதி கிடைத்தாலும், பெரும் நிறுத்தம் நிலக்கல்தான். குருசாமிகள் சிலர் வேன் டிரைவரை வண்டியோடு விட்டுப் போகிறார்கள். ஜமீன்தார் காலத்து ஏற்பாடு காட்டுக்குள் உயிரோடு இருக்கிறது.

இடிப்பவர் எப்போதும் ஓட்டுநராக இருக்க வேண்டும் என்றும் இல்லை. சின்னக்கானலில் அரிசி தேடி வீடுகளையும் ரேஷன் கடைகளையும் உடைத்த அரிக்கொம்பன் யானையை 2023 ஏப்ரல் கடைசியில் பெரியாறு காட்டுக்குள் கொண்டுபோய் விட்டார்கள். மே 27 காலை அது கம்பம் நகரத் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. தெருவோரம் நின்ற ஆட்டோ சேதமானது. இருசக்கர வாகனத்தில் வந்து சிக்கியவர் பின்னர் இறந்துபோனார். நகரில் 144 தடை போடப்பட்டது. ஜூன் 5இல் யானையைப் பிடித்து முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோனார்கள். யானை மிதித்த வண்டிக்கு முழுப் பாலிசியில் இழப்பீடு கேட்கலாம். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவருக்கு ஒரு பைசா வராது. மலையடிவாரத்துப் பழைய வண்டிகள் பலவற்றில் இருப்பது இரண்டாம் வகை.

இத்தனை ஏற்பாடுகளும் இடிபடுகிறவரைத்தான் பார்த்தன. இடிப்பவரின் கையைப் பிடிக்கும் விதி வெகு தாமதமாக வந்தது. 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் தயாராகும் பயணிகள் கார்களில் ரிவர்ஸ் பார்க்கிங் சென்சார் கட்டாயம். பின்னால் தூணோ குழந்தையோ அடுத்தவர் கதவோ நெருங்கினால் உள்ளே பீப் சத்தம் கூடிக்கொண்டே போகும். கம்பம்மெட்டுச் சரிவில் கிளீனர் தன் உள்ளங்கையால் செய்துவந்த வேலைதான் அது. அதற்கு முன் வந்த கமாண்டர்களிலும் மேஜர்களிலும் சென்சார் கிடையாது. அவை பின்னால் எடுக்கும்போது இன்னமும் ஒருவர் இறங்கி நின்று படுதாக் கம்பியைத் தட்டுகிறார். பின்னால் நிற்கும் புதுக் காருக்கும் அவர்தான் சென்சார்.